எகிப்திய வெள்ளி அணிகலன்களில் விலங்குருக்கள்: குறியீட்டு வாசிப்பின் எல்லைகள்

ஆய்வுச் சுருக்கம்

பண்டைய எகிப்தியக் கலையில் இடம்பெறும் விலங்குருக்களை ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தெய்வம், ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு பொருள் என்ற முறையில் விளக்குவது பரவலான வழக்கம். வெள்ளி அணிகலன்களைப் பொறுத்தவரை இவ்வழக்கம் போதாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அரசி ஹெதெப்ஹெரெஸின் வண்ணத்துப்பூச்சி வளைகளை முதன்மைச் சான்றாகவும், வாஹ் என்னும் அலுவலரின் சாணவண்டு அணி, டானிஸ் நகரின் வல்லூற்றுமுகப் பேழை, தெல் பஸ்தாவின் வெள்ளாட்டுக் கைப்பிடிக் குடம், கிரேக்க-ரோமானியக் காலப் பாம்பு வளைகள் ஆகியவற்றைத் துணைச் சான்றுகளாகவும் கொண்டு, உருவத்தின் பொருள் உலோகம், செய்முறை, அணியும் இடம், காலம் ஆகிய நான்கினாலும் தீர்மானிக்கப்படுகிறது என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்

எகிப்து, வெள்ளி, அணிகலன், விலங்குரு, வண்ணத்துப்பூச்சி, ஹெதெப்ஹெரெஸ், ஈய ஐசோடோப்பு, குறியீடு.

முன்னுரை

எகிப்திய அணிகலன் என்றதும் நினைவுக்கு வருவது பொன். துட்டன்காமுன் கல்லறை 1922ஆம் ஆண்டு கண்டறியப்பட்டபின் அந்நினைவு மேலும் உறுதிப்பட்டது. வெள்ளியால் ஆன அணிகலன்கள் எண்ணிக்கையில் குறைவு. எனவே அவை பற்றிய எழுத்தும் குறைவு. இருக்கும் எழுத்திலும் இரண்டு முடிவுகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. வெள்ளி அரியது, ஆதலின் பொன்னினும் உயர்ந்தது என்பது ஒன்று. அணிகலனில் ஒரு விலங்கு இடம்பெற்றால் அது ஒரு தெய்வத்தின் குறியீடு என்பது மற்றொன்று.

இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இவை ஆய்வின் முடிவுகளாக இல்லாமல் ஆய்வின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளப்படும் முற்கோள்களாகிவிட்டன. அகராதியைத் திறந்து சொல்லுக்குப் பொருள் காண்பதுபோல, விலங்கைப் பார்த்ததும் அதன் பொருளை எழுதிவிடும் இம்முறையை இக்கட்டுரை 'அகராதி வாசிப்பு' எனக் குறிக்கிறது. பிறநாட்டுத் தொல்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதும் ஆய்வாளர் பெரிதும் இரண்டாம்நிலை நூல்களையே சார்ந்திருக்க வேண்டியுள்ளதால், இவ்வாசிப்பின் எல்லைகளை அறிந்துகொள்ளும் தேவை நமக்குக் கூடுதலாக உண்டு.

1. வெள்ளி: சொல்லும் மதிப்பும்

எகிப்திய மொழியில் வெள்ளியைக் குறிக்கும் சொல் 'ஹெட்ஜ்'. வெண்மை என்பதே அதன் அடிப்படைப் பொருள். அரசுக் கருவூலம் 'பெர்-ஹெட்ஜ்', அதாவது வெள்ளை இல்லம் எனப்பட்டது. தமிழில் 'வெள்ளி' என்னும் சொல்லும் வெண்மையின் அடியாகப் பிறந்ததே. இவ்வொற்றுமையை மொழியுறவுக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. வெள்ளியை அதன் வெண்மையாலும் ஒளியாலும் பெயரிடும் வழக்கம் கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளிலும் உண்டு. எகிப்தியர் இவ்வுலோகத்தை முதலில் நிறமாகவே கண்டனர் என்பதே இச்சொல் நமக்குத் தரும் செய்தி. அணிகலன்களை நோக்கும்போது இது முதன்மையான செய்தியாகும்.

மதிப்பைப் பொறுத்தவரை, பழைய அரசுக் காலப் பட்டியல்களில் வெள்ளி பொன்னுக்கு முன்னர் எழுதப்படுவதைக் கொண்டு அது பொன்னினும் விலையுயர்ந்தது என்று கூறுவர். பட்டியலில் முன்னிற்பது மதிப்பைக் காட்டலாம். ஆனால் அது விலைவிகிதம் ஆகாது. விலைவிகிதம் தெளிவாகக் கிடைப்பது ரைண்டு கணிதப் பாப்பிரசில். கி.மு. 1550 அளவில் அஹ்மெஸ் என்னும் எழுத்தர் பழைய மூலத்திலிருந்து படியெடுத்த அந்நூலின் 62ஆம் கணக்கில் ஒரு தெபென் எடையுள்ள பொன்னுக்கு 12, வெள்ளிக்கு 6, ஈயத்துக்கு 3 என மதிப்பு தரப்பட்டுள்ளது. இங்கு வெள்ளி பொன்னில் பாதி. புதிய அரசுக் காலத்திலும் ஏறத்தாழ இதே விகிதம் நிலவியது. பிற்காலத்தில் வெள்ளியைக் குறிக்கும் சொல்லே பணத்தைக் குறிக்கவும் வழங்கியது. காப்டிக் மொழியில் 'ஹத்' என்னும் வடிவம் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கிறது. ஆகவே 'எகிப்தில் வெள்ளி பொன்னினும் உயர்ந்தது' என்னும் தொடர், காலத்தைச் சுட்டாமல் எழுதப்படும்போது பிழையாகிவிடுகிறது.

2. ஹெதெப்ஹெரெஸின் வளைகள்

2.1 கண்டெடுப்பும் அமைப்பும்

1925ஆம் ஆண்டு கீசாவில், பெரிய பிரமிடின் கிழக்கே, ஹார்வர்டு பல்கலைக்கழகமும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் இணைந்து நடத்திய அகழாய்வில் ஆழமான கிணறு போன்ற ஒரு கல்லறை வெளிப்பட்டது. அகழாய்வின் தலைவர் ஜார்ஜ் ரெய்ஸ்னர். கல்லறை ஹெதெப்ஹெரெஸ் என்னும் அரசிக்குரியது. அவர் நான்காம் மரபின் முதல் மன்னன் ஸ்னெஃபெருவின் துணைவி. பெரிய பிரமிடைக் கட்டிய குஃபுவின் தாய். 1927இல் கற்பேழை திறக்கப்பட்டபோது அதனுள் உடல் இல்லை. ஆனால் கட்டில், நாற்காலி, பல்லக்கு முதலியவற்றோடு பொற்தகடு வேய்ந்த மரப்பெட்டி ஒன்றும் அங்கு வைக்கப்பட்டிருந்தது. மரம் உளுத்துச் சிதைந்திருந்தும், அதன்மீது அரசியின் பெயரும் வளைகள் அடங்கிய பெட்டி என்னும் குறிப்பும் எஞ்சியிருந்தன. பெட்டியில் இருந்தவை 20 வெள்ளி வளைகள்.

ஒவ்வொரு வளையும் மெல்லிய தகட்டை அடித்து, வெளிப்புறம் புடைத்தும் உட்புறம் குழிந்தும் பிறைவடிவ வெட்டுமுகம் அமையுமாறு வளைத்துச் செய்யப்பட்டது. வெளிப்புறத்தில் குழிகள் அமைத்து, டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல், லாபிஸ் லசுலி என்னும் கருநீலக் கல், சூதுபவளம் ஆகியவற்றின் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. இத்துண்டுகள் சேர்ந்து சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிகளாகின்றன. பூச்சிகளுக்கு இடையே சூதுபவள வட்டுகள் உள்ளன. வளைகள் ஒரே அளவின அல்ல. கையின் பருமனுக்கேற்பப் படிப்படியாக அளவு மாறுகின்றன.

2.2 வண்ணத்துப்பூச்சி எதன் குறியீடு?

அகராதி வாசிப்பு இடறும் இடம் இதுவே. சாணவண்டு என்றால் கெப்ரி, வல்லூறு என்றால் ஹோரஸ், நாகம் என்றால் வாட்ஜெத் என்று கூறலாம். வண்ணத்துப்பூச்சியை உருவமாகக் கொண்ட பெயர்பெற்ற எகிப்தியத் தெய்வம் எதுவும் இல்லை. இந்த வெற்றிடத்தை நிரப்ப, வண்ணத்துப்பூச்சி ஆன்மாவின் குறியீடு, மறுபிறப்பின் குறியீடு எனச் சில பொதுநூல்கள் எழுதிச் செல்கின்றன. ஆன்மாவையும் வண்ணத்துப்பூச்சியையும் ஒரே சொல்லால் குறித்தவர் கிரேக்கர். எகிப்தியர் 'பா' என்னும் உயிர்க்கூற்றை மனிதத்தலை கொண்ட பறவையாகவே வரைந்தனர். கிரேக்கக் கருத்தை இரண்டாயிரம் ஆண்டு பின்னோக்கி நகர்த்தி நான்காம் மரபின் வளைமீது ஏற்றுவது விளக்கம் ஆகாது.

வெள்ளியின் பொருளை விளக்கும்போதும் இதே காலவழு நேர்கிறது. தேவர்களின் எலும்பு வெள்ளி, தசை பொன், முடி லாபிஸ் லசுலி என்னும் கருத்து 'விண்பசு நூல்' எனப்படும் சமயநூலில் காணப்படுகிறது. அந்நூலின் பழைய படி துட்டன்காமுனின் கல்லறைச் சிற்றில் ஒன்றில் பொறிக்கப்பட்டது. ஹெதெப்ஹெரெஸுக்கும் அதற்கும் இடையே 1,200 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. கருத்து பழமையானதாக இருக்கலாம். ஆனால் பிந்திய நூலைச் சான்றுகாட்டி முந்திய பொருளை விளக்கும்போது இவ்விடைவெளியைக் கூறாமல் விடுவது ஆய்வறம் அன்று.

அவ்வாறாயின் வண்ணத்துப்பூச்சி அங்கு ஏன் உள்ளது? அக்காலக் கல்லறைகளின் சதுப்புநிலக் காட்சிகள் விடைக்கு வழிகாட்டுகின்றன. பாப்பிரசுப் புதர்களிடையே பறவை, மீன், தவளை, தட்டாம்பூச்சி ஆகியவற்றோடு வண்ணத்துப்பூச்சியும் அங்கு பறக்கிறது. புதிய அரசுக் காலத்து நெபாமுன் கல்லறை ஓவியத்தில் இனம் காணும் அளவுக்கு நுட்பமாக வண்ணத்துப்பூச்சி தீட்டப்பட்டுள்ளது. தமிழகத்து வயல்வெளிகளில் நாம் வெந்தய வரியன் என்று அழைக்கும் இனமே அது. இக்காட்சிகளில் வண்ணத்துப்பூச்சி தனித்து நின்று பொருள் தருவதில்லை. வளமான நீர்நிலத்தின் உயிர்த்திரளில் அதுவும் ஒன்று.

அணியும் முறையும் இவ்வாசிப்பை வலுப்படுத்துகிறது. அதே கல்லறையின் அணிவேலைப்பாடுகளில் அரசி கையில் பல வளைகளை ஒருசேர அணிந்து, தாமரை மலரை முகர்ந்து அமர்ந்திருக்கும் உருவம் கிடைத்துள்ளது. ஒற்றை வளையைக் கண்ணாடிப் பேழையில் காணும் நமக்கு வண்ணத்துப்பூச்சி ஒரு சின்னமாகத் தெரிகிறது. பத்து வளைகள் அடுக்கப்பட்ட முன்கையிலோ அது ஒரு கூட்டம். கை அசையும்தோறும் அக்கூட்டமும் அசையும். மீண்டும் மீண்டும் வரும் உருவம் கூற்றாக இல்லாமல் கோலமாகிறது. தாமரையும் வண்ணத்துப்பூச்சியும் ஒரே நீர்நிலத்தைச் சேர்ந்தவை என்பதையும் சேர்த்து நோக்கினால், அரசி தன் கைகளில் அணிந்தது ஒரு தெய்வத்தை அன்று, ஒரு நிலத்தை என்று கொள்வது சான்றுகளுக்கு நெருக்கமானது. அந்நிலத்தின் வளம் சமயப் பொருளும் உடையது என்பதை இவ்வாசிப்பு மறுக்கவில்லை. சமயப் பொருள் நிலத்தின் வழியாக வருகிறது, தனி உயிரின் வழியாக அன்று என்பதே இங்கு வேறுபாடு.

வெள்ளியின் பங்கும் இங்குத் தெளிவாகிறது. பொன்மீது பதித்த சிவப்புக் கல்லும் நீலக் கல்லும் பொன்னின் மஞ்சளோடு கலந்தே தோன்றும். வெண்மையான தகட்டின்மீது அவை தனித்துத் துலங்கும். நிறத்தாலேயே பெயர்பெற்ற உலோகம் நிறங்களைத் தாங்கும் பின்புலமாக இங்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. இன்று அருங்காட்சியகத்தில் காணும் மங்கிய சாம்பல் நிறம் நூற்றாண்டுகளின் விளைவு, செய்தவரின் கருத்தன்று.

2.3 உலோகத்தின் ஊர்

இவ்வளைகளின் வெள்ளி எங்கிருந்து வந்தது என்னும் வினா நெடுங்காலம் விடையின்றி இருந்தது. எகிப்தில் வெள்ளித்தாதுச் சுரங்கம் என்று சொல்லத்தக்கது இல்லை. ஆனால் பழைய வெள்ளிப் பொருள்களில் பொன்னும் கணிசமாகக் கலந்திருந்ததால், அது எகிப்தின் பொன்வயல்களில் இயற்கையாகக் கிடைத்த, வெள்ளி மிகுந்த பொற்கலவை என ஆல்பிரெட் லூகாஸ் கருதினார். நோயல் கேல், சோஃபியா ஸ்டோஸ்-கேல் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வும் தொடக்கக் காலப் பொருள்கள் சிலவற்றுக்கு உள்நாட்டுத் தோற்றம் பொருந்தும் எனக் கண்டது.

2023ஆம் ஆண்டு கேரின் சோவாடாவும் உடனாய்வாளர்களும் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ள வளைகளின் மாதிரிகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இக்கருத்தை மாற்றியது. ஈய ஐசோடோப்பு விகிதங்கள் ஏஜியன் கடலின் சைக்ளாடீஸ் தீவுகளின் தாதுக்களோடு ஒத்துள்ளன; அதற்கு அடுத்த நிலையில் கிரேக்கத்தின் லாவ்ரியோன் பகுதியும் பொருந்தக்கூடும். இவ்வெள்ளி லெபனான் கடற்கரையின் பிப்லோஸ் துறைமுகம் வழியாக வந்திருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. நான்காம் மரபுக் காலத்தில் எகிப்துக்கும் பிப்லோசுக்கும் தொடர்பு இருந்தது அறியப்பட்டதே. செய்முறையும் அவ்வாய்வில் வெளிப்பட்டது. தகட்டைக் குளிர்நிலையில் அடிப்பதும், அது வெடித்துவிடாமல் இடையிடையே காய்ச்சிப் பதப்படுத்துவதும் மாறி மாறி நிகழ்ந்துள்ளன.

இம்முடிவையும் அளவறிந்து ஏற்க வேண்டும். ஐசோடோப்பு விகிதம் ஒரு தாதுவோடு 'ஒத்துள்ளது' என்பதற்கும் அத்தாதுவிலிருந்தே வந்தது என்பதற்கும் இடையே தொலைவு உண்டு. பல ஊர் வெள்ளியை உருக்கிக் கலந்தால் விகிதமும் கலங்கிவிடும். எனினும் பொன் கலந்திருப்பதாலேயே வெள்ளி உள்நாட்டது என்னும் பழைய தருக்கம் இனி நிற்காது. பொன்னைக் கம்மியரே சேர்த்திருக்க இயலும்.

இதன் விளைவு விலங்குருவின் விளக்கத்திலும் உண்டு. டர்க்காய்ஸ் சினாய்ப் பகுதியில் கிடைப்பது; அங்குள்ள வாதி மகாராவில் ஸ்னெஃபெருவின் பாறைப் புடைப்புச் சிற்பம் உள்ளது. லாபிஸ் லசுலி இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளிலிருந்து கைமாறி வந்தது. சூதுபவளம் எகிப்தியப் பாலைநிலத்தது. வெள்ளி ஏஜியன் தீவுகளது. இவை அனைத்தும் கூடி, நைல் கரைச் சதுப்பில் எவரும் காணக்கூடிய ஒரு சிறு பூச்சியின் உருவம் பெறுகின்றன. தொலைநாட்டுப் பொருள்களைக் கொண்டு உள்ளூர் உயிரைச் செய்துகாட்டும் ஆற்றல் அரசகுடும்பத்துக்கே உரியதாக இருந்தது. வண்ணத்துப்பூச்சியின் 'பொருள்' இதுவும்தான். எந்த அகராதியும் இதைத் தராது.

3. வாஹ் அணிந்த சாணவண்டு

அகராதி வாசிப்புக்கு மிகவும் இணக்கமானது சாணவண்டு. 'தோன்றுதல், ஆதல்' என்னும் பொருளுடைய 'கெப்பெர்' என்னும் வினையை எழுதும் எழுத்து அது; உதிக்கும் கதிரவனாகிய கெப்ரியின் உருவமும் அதுவே. ஆகவே சாணவண்டு அணிகள் அனைத்தும் மறுபிறப்பைக் குறிப்பன எனக் கூறிக் கடந்துவிடுவர்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு வெள்ளிச் சாணவண்டு வேறு செய்தியும் கூறுகிறது. அதை அணிந்தவர் வாஹ். அவர் அரசர் அல்லர். மெகெத்ரே என்னும் உயர் அலுவலரின் பண்டகப் பொறுப்பாளர். கி.மு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். தீப்ஸில் 1920இல் கண்டெடுக்கப்பட்ட அவரது பாடம் செய்த உடலின் துணிச்சுற்றுகளுக்குள் அணிகலன்கள் இருப்பதை எக்ஸ்கதிர்ப் படம் காட்டியது. ஹெர்பர்ட் வின்லாக் 1940இல் அவற்றைப் பற்றி எழுதினார். அங்கிருந்த வெள்ளிச் சாணவண்டின் முதுகில், சிறகுகளின்மீது, வெளிர்பொன் நிற உலோகத்தால் வாஹின் பெயரும் மெகெத்ரேயின் பெயரும் பதிக்கப்பட்டுள்ளன.

சாணவண்டு முத்திரைகளில் எழுத்து பொதுவாக அடிப்புறத்தில் அமையும். களிமண்ணில் பதிப்பதற்கு அதுவே ஏற்ற இடம். இங்கோ எழுத்து முதுகில், பார்ப்பவர் படிக்கும்படி அமைந்துள்ளது. பணியாளரின் பெயரும் தலைவரின் பெயரும் அருகருகே நிற்கின்றன. மறுபிறப்பு என்னும் பொருள் இல்லாமல் போகவில்லை. ஆனால் அதோடு ஒரு சமூக உறவும் பொறிக்கப்பட்டுள்ளது. பெருந்தலைவரின் அருள்பெற்றவர் இவர் என்பதை இவ்வணி அறிவிக்கிறது. அரசகுடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் வெள்ளி இருப்பதும் அவ்வுறவின் வழியாகவே விளங்கிக்கொள்ளத்தக்கது. சாணவண்டின் பொதுப்பொருளை மட்டும் எழுதினால் இவ்விரு பெயர்களும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

4. வல்லூறும் வெள்ளாடும்

டானிஸ் நகரில் பியர் மோந்தே 1939ஆம் ஆண்டு கண்டறிந்த இரண்டாம் ஷோஷெங்க் மன்னனின் வெள்ளிப் பேழை வல்லூற்றின் முகம் உடையது. இது அணிகலன் அன்று. ஆயினும் உடலைப் போர்த்தும் வெள்ளி உரு என்பதால் ஒப்பிடத்தக்கது. வல்லூற்றுமுகம் சோகர் என்னும் இறப்புத் தெய்வத்துக்கு உரியது. இங்கு அகராதி வாசிப்பு பொருந்துகிறது. காலத்தால் பிந்தியது ஆதலின், தேவர்களின் எலும்பு வெள்ளி என்னும் கருத்தையும் தயக்கமின்றிப் பொருத்தலாம். மன்னன் வல்லூற்றைச் சூடவில்லை. வல்லூற்றுமுகத் தெய்வமாகவே ஆகிறான்.

தெல் பஸ்தாவில் 1906ஆம் ஆண்டு இருப்புப்பாதைப் பணியின்போது வெளிப்பட்ட புதையலில் உள்ள வெள்ளிக் குடம் இதற்கு எதிர்முனை. அதன் கைப்பிடி பொன்னால் ஆன வெள்ளாடு. பின்னங்கால்களில் எழுந்து நின்று, குடத்துக்குள் இருப்பதைக் குடிக்க முனைவதுபோல் விளிம்பில் வாய்வைத்திருக்கிறது. குடத்துக்குரியவர் அதும்எம்தாநெப் என்னும் அரச பானப் பணியாளர். இங்கு வெள்ளாட்டுக்குத் தெய்வம் தேடுவது வீண்முயற்சி. குடிப்பதற்குரிய கலத்தில் குடிக்க முனையும் விலங்கு என்பதே அதன் நயம். எகிப்தியக் கலைஞருக்கு நகைச்சுவை உணர்வு இருந்தது என்பதை ஏற்க அகராதி வாசிப்பு ஏனோ தயங்குகிறது.

5. பாம்பு வளைகள்

கிரேக்க மரபினரான தாலமிகள் காலத்திலும் அடுத்து வந்த ரோமானியர் காலத்திலும் வெள்ளி எகிப்தில் முன்னினும் எளிதில் கிடைத்தது. மணிக்கட்டைச் சுற்றிவளையும் பாம்பு வளைகளும் பாம்பு மோதிரங்களும் அக்காலத்தவை. இவற்றை மன்னர் நெற்றியில் படமெடுக்கும் நாகத்தின் தொடர்ச்சியாகக் காட்டுவது வழக்கம். ஆனால் சுருண்ட பாம்பு வளை கிரேக்கப் பண்பாடு பரவிய நாடுகள் பலவற்றிலும் அணியப்பட்டது. எகிப்தில் அணிந்தவர்க்கு அது ஐசிஸ் வழிபாட்டையோ விளைச்சல் தெய்வமாகிய ரெனெனூதெத்தையோ நினைவூட்டியிருக்கலாம். அகதோடைமோன் என்னும் கிரேக்க இல்லுறை பாம்பையும் நினைவூட்டியிருக்கலாம். உருவம் ஒன்றாயினும் மரபு ஒன்றன்று. அரச நாகம் நெற்றியில் நிமிர்ந்து நிற்பது. இப்பாம்பு கையைச் சுற்றுவது. அணியும் இடம் மாறியபோது பொருளும் மாறியது.

6. அழிந்தவை பற்றிய எச்சரிக்கை

வெள்ளி விலங்கணிகள் அரியவை என்னும் கூற்றிலும் ஒரு திருத்தம் தேவை. பொன் மண்ணில் மாறுவதில்லை. வெள்ளியோ உப்பு கலந்த மண்ணில் வெள்ளிக் குளோரைடாக மாறி, நொறுங்கி, உருவிழந்து போகும். ஹெதெப்ஹெரெஸின் வளைகளிலும் இம்மாற்றம் நிகழ்ந்துள்ளது. மெல்லிய தகட்டால் ஆன சிறு விலங்குருக்கள் அவ்வாறு அழிந்திருப்பின் அவற்றின் தடமும் எஞ்சாது. பழையன உருக்கிப் புதியன செய்யும் வழக்கமும் உண்டு. எனவே இன்று எண்ணக்கூடியவற்றின் குறைவு, அன்று செய்யப்பட்டவற்றின் குறைவை மட்டும் காட்டவில்லை. எஞ்சியவற்றில் பல அரச கல்லறைகளிலிருந்து வந்தவை என்பதால், வெள்ளி விலங்கணி அரசருக்கே உரியது என்னும் முடிவும் சாய்வுடையதாகிறது. வாஹின் சாணவண்டு இதை நினைவூட்டும் சான்று.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுவன:

1. எகிப்திய வெள்ளியின் மதிப்பு காலந்தோறும் மாறியது. காலத்தைச் சுட்டாத மதிப்புரை பயனற்றது.

2. ஹெதெப்ஹெரெஸ் வளைகளின் வண்ணத்துப்பூச்சி தெய்வக் குறியீடு அன்று. அது நீர்நிலத்தின் வளத்தைக் கோலமாக்கிய உரு. தொலைநாட்டுப் பொருள்களை ஒருங்கே திரட்டும் அரச ஆற்றலின் வெளிப்பாடும் ஆகும்.

3. சாணவண்டுபோல் நிலைத்த பொருளுடைய உருக்களிலும், பொறிப்பும் அதன் இடமும் தனிப்பொருளைச் சேர்க்கின்றன.

4. ஒரே விலங்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மரபிலிருந்து வரக்கூடும். உருவொற்றுமை மரபொற்றுமை ஆகாது.

குறியீட்டு வாசிப்பைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. டானிஸின் வல்லூற்றுக்கு அது பொருந்துகிறது. அதைத் தொடக்கமாகக் கொள்ளாமல், உலோகம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு செய்யப்பட்டது, உடலில் எங்கு அணியப்பட்டது, எக்காலத்தது என்னும் வினாக்களுக்குப் பின்னர்க் கேட்க வேண்டும். ஹெதெப்ஹெரெஸின் கல்லறை திறக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே அவ்வளைகளின் வெள்ளி எந்தக் கடலைக் கடந்து வந்தது என்பது தெரியலாயிற்று. அதுகாறும் அவற்றின் 'பொருள்' மட்டும் எல்லார்க்கும் தெரிந்திருந்தது. இம்முரணே குறியீட்டு ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டிய பாடம்.